வாசல் தாண்டினால்தான் திருட்டா?

கேள்வி: கடை வாசலைத் தாண்டாதவரை யாரும் நம்மைத் திருடன் என்று சொல்ல முடியாது என்கிறான் என் நண்பன். சரியா? (ஈசூன்)

பதில்: தப்பு. நண்பர் பேச்சைக் கேட்டுப் பரீட்சை எல்லாம் வேண்டாம், தம்பி. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவின்படி, அடுத்தவர் பொருளை அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்ள நகர்த்தினாலே திருட்டுதான். வாசலைத் தாண்டினால் அந்த எண்ணத்தை நிரூபிப்பது சுலபம், அவ்வளவுதான். கடைக்குள் நடக்கும் திருட்டுக்கு 380ஆம் பிரிவில் 7 ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. இதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 5 காசு மிச்சம் பிடிக்க வீட்டுப் பையோடுதான் பேரங்காடிக்குப் போவேன். சாமானை நேராக அதிலேயே போட்டு, பணம் கட்டும்போது வெளியே எடுத்து வைப்பேன். ஊழியர் முறைக்கிறார். (செங்காங்)

பதில்: குற்றமில்லை. ஆனால் கூடை எதற்கு வைத்திருக்கிறார்கள், அம்மா? பைக்குக் கட்டணம் வந்தது 2023 ஜூலையில், இன்னும் பழகவில்லையா? முஸ்தபா கடையில் உள்ளே நுழையும்போதே பையின் வாயைப் பிளாஸ்டிக் வாரால் கட்டிவிடுவார்கள். வம்பே இல்லை.

கேள்வி: துணிக்கடை வாசலில் அலாரம் அடித்தது. பாதுகாவலர் எல்லார் முன்னாலும் "திருடிட்டீங்க" என்றார். பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கைப்பையைக் கொட்டினார்கள். ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து "போகலாம்" என்றார்கள். மன்னிப்புகூடக் கேட்கவில்லை. (உட்லண்ட்ஸ்)

பதில்: படிக்கும்போதே வயிறு எரிகிறது. அலாரம் சாட்சி இல்லை. மூடுவிழா விற்பனை ஒன்றில் வாங்கிய சட்டை என்னிடம் இருக்கிறது. உள்தையலில் இருந்த அலாரப் பட்டையை எடுக்காமலே விற்றுவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு போனால் பாதிக் கடைகளின் வாசல் அலறுகிறது. புகார் கொடுக்கலாம் என்றால் கடையே இல்லை.

சீருடை போட்ட பாதுகாவலருக்கு உங்களையும் என்னையும் விடப் பெரிய கைது அதிகாரம் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 66ஆம் பிரிவில் தனிமனிதரும் இன்னொருவரைப் பிடிக்கலாம். ஆனால் குற்றம் தன் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும், பிடித்தவரைத் தாமதமில்லாமல் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகம் மட்டும் போதாது. பையைத் திறந்து காட்டும்படி கேட்கலாம்; மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. காரணமின்றி ஒருவரைப் போகவிடாமல் அடைத்து வைப்பதே தனிக் குற்றம்.

நடந்ததை நேரத்தோடு இன்றே எழுதி வையுங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் இருக்கும் கேமராப் பதிவைக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள். அழிந்துபோகுமுன் கேட்க வேண்டும். காவல்துறையில் புகார் கொடுங்கள். நாலு பேர் காதுபடத் திருடி என்றது அவதூறு. அதற்கு வக்கீலைப் பாருங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இதை எடுக்காது, அங்கே அலைய வேண்டாம்.

கேள்வி: தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் இருந்த 5 கிலோ அரிசியை, நாமே பணம் கட்டும் இயந்திரத்தில் ஸ்கேன் பண்ண மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. பேசாமல் இருந்துவிடலாமா? (தெம்பனிஸ்)

பதில்: முதலில் என் புலம்பலைக் கேளுங்கள். முன்பெல்லாம் ஒருவர் உட்கார்ந்து விலை தட்டுவார், காசு வாங்குவார், பையிலும் போட்டுக் கொடுப்பார். இப்போது அந்த வேலை மொத்தமும் நம் தலையில். சம்பளமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. கத்தரிக்காய்க்குத் திரையில் படம் தேட வேண்டும். இயந்திரம் எதற்கோ சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். தப்பு நேர்ந்தால் மட்டும் நாம் சந்தேகப் பேர்வழி. கடைத்திருட்டு 2024இல் 4,000 சம்பவங்களைத் தாண்டியது உண்மைதான். அதற்காக ஆளைக் குறைத்துவிட்டுக் கேமராவைக் கூட்டினால் எப்படி?

சரி, விஷயத்துக்கு வருவோம். மறதி திருட்டாகாது, எண்ணம் வேண்டும். ஆனால் தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டால் அது வேறு கதை: தண்டனைச் சட்டம் 403ஆம் பிரிவு, நேர்மையற்ற முறையில் பொருளைக் கையாடுவது. ரசீதோடு போய்ப் பணத்தைக் கட்டுங்கள். ஐந்து கிலோ மூட்டை எப்படிக் கண்ணில் படாமல் போகும் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

கேள்வி: விலைகுறைந்த சாமானின் விலை ஒட்டியை எடுத்து வேறொன்றில் ஒட்டினேன். பணம் கட்டித்தானே வாங்கினேன், திருட்டாகாதே? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: மோசடி. ஊரைக் குறிப்பிடாதது புத்திசாலித்தனம்.