மரச்செருப்பும் நாசவேலையும்

அன்புள்ள ஐயா,

'சபோட்டாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்கு வந்த கதை வாட்ஸ்அப்பில் கிடைத்தது. வேலை பறிபோன நெசவாளிகள் தங்கள் மரச்செருப்பைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்தார்களாம். எங்கள் குடும்பக் குழுவிலும் போட்டேன். உண்மைதானே? அதை எப்படி உச்சரிப்பது? தமிழில் 'நாசவேலை' என்றால் போதும்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

'சபோ' என்றால் மரச்செருப்பு. அதுவரை சரி. எறிந்த கதைக்கு ஆதாரம் கிடையாது. குழுவில் போட்ட பிறகு உண்மையா என்று என்னிடம் கேட்கிறீர்கள். கேட்டுவிட்டுப் போட்டிருக்கக் கூடாதா? உச்சரிப்பை விடுங்கள், வாய்க்கு வந்தபடி சொல்லுங்கள்.

மரச்செருப்பு போட்டவன் டொக்டொக்கென்று தடுமாறித்தான் நடப்பான். அப்படி ஏனோதானோவென்று வேலை செய்வதைப் பிரெஞ்சில் அந்தச் செருப்பின் பெயரால் சொன்னார்கள். 1897இல் துலூஸ் நகரில் நடந்த தொழிற்சங்க மாநாட்டில் எமில் பூஜே என்பவர் இதைப் போராட்ட முறையாகவே முன்வைத்தார். குறைந்த கூலிக்கு மட்டமான வேலை, அவ்வளவுதான்.

அவருக்கு முன்மாதிரி ஸ்காட்லாந்து. 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் கிராமத்து விவசாயக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். போராட்டம் தோற்றது. பழைய கூலிக்கே திரும்பியவர்களிடம் சங்கத் தலைவர் சொன்னது இதுதான்: அந்தக் கூலிகளுக்குக் கப்பலில் நிற்கவே தெரியவில்லை, சுமந்ததில் பாதியைக் கீழே போட்டார்கள், நம்மில் ஒருவர் செய்வதை இரண்டு பேர் சேர்ந்தும் செய்ய முடியவில்லை. ஆனாலும் அவர்கள் வேலை திருப்தி என்கிறார்கள் முதலாளிகள். அப்படியென்றால் நாமும் அதே மாதிரி செய்வோம். சில நாள்தான், கேட்ட கூலி கிடைத்துவிட்டது. யாரும் எதையும் உடைக்கவில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பரவியது 1910 பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது. அப்போது கம்பிகள் அறுக்கப்பட்டன, அதுவே சொல்லோடு ஒட்டிக்கொண்டது. உலகப் போர்களுக்குப் பிறகு எதிரி நாட்டு ஒற்றன் பாலத்துக்கு வெடி வைப்பதுதான் அதன் பொருள் என்றாயிற்று. நாம் தமிழில் எடுத்துக்கொண்டது அந்தப் பொருளைத்தான். போதும்தானே என்கிறீர்கள். போதவே போதாது.

என் அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் என்கிற நூல் நூற்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். அறுந்த இழையை ஒட்டுவதுதான் வேலை. சுற்றிக்கொண்டிருக்கும் கதிரை இடது கையால் நிறுத்தி, வலது கையால் நுனியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நான் பள்ளியில் படித்தபோது ஒரு வருடம் போனஸ் தகராறு. மெதுவாக வேலை செய்யுங்கள் என்று சங்கம் சொல்லிவிட்டது. அன்று ராத்திரி அப்பா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். அம்மா என்னவென்று கேட்டாள். "கை கேக்க மாட்டேங்குதே புள்ள. அறுந்து தொங்குற இழையப் பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது?" என்றார்.

மரச்செருப்பு போடாதவனை மரச்செருப்பு போட்டவன் மாதிரி நடக்கச் சொன்னால் எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குள் இருப்பது இந்தக் கஷ்டம் ஐயா. எறிவதற்குக் கோபம் வந்தால் போதும். இதற்குத் தன் கைத்திறமையையே அடக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கதையில் அதற்கு இடமே இல்லை.

நாலாம் நாள் ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'நாசவேலையில் ஈடுபட்டோர்' என்று தலைப்பு, கீழே வரிசையாகப் பெயர்கள். அப்பா பெயர் ஏழாவது. வீட்டுக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு, "நாசம்னா என்னடா அர்த்தம்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாத சொல் இல்லை அது. நான் பதில் சொல்லவில்லை.