தாள்கள் தொலையவில்லை, வடிவமே அப்படித்தான்

நண்பரே, பழைய புத்தகமாக வாங்கிய, மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் கதாபாத்திரங்களை விவரிக்கும் கையேட்டில் தாள்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன, அகர வரிசையும் இல்லை, விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாளின் ஓரத்தில் மூன்று துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அது 1990 முதல் 1993 வரை 36 இதழ்களாக வந்த 'மாஸ்டர் எடிஷன்'. ஒவ்வொரு நாயகனையும் முன், பின், பக்கவாட்டுத் தோற்றங்களில் வரைந்திருப்பார்கள். தாள்களைக் கோப்பில் அடுக்கிக் கோப்பது வாங்கியவர் வேலை.

1983இல் மார்வெல் ஆசிரியர் மார்க் குருன்வால்ட் தொடங்கிய முதல் கையேடு ஒழுங்காக அகர வரிசையில்தான் வந்தது. ஆனால் அச்சேறிய கையோடு கதை மாறிவிடும். கதையில் செத்தவர்களுக்கென்றே தனி இதழ்கள் போட்டார்கள். அவர்களில் சிலர் பிறகு உயிரோடு திரும்பி வந்தது தனிக்கூத்து! தனித்தாள் என்றால் புதியதை இடையில் செருகிக்கொள்ளலாம் என்பது கணக்கு. போட்டி நிறுவனமான டிசியும் தன் 'ஹூஸ் ஹூ' கையேட்டை 1990இல் இதே வடிவத்துக்கு மாற்றியது.

எந்த இதழில் யார் யார் என்ற பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. அதை வைத்துச் சரிபார்த்துவிட்டு, பிறகு விற்றவரிடம் சண்டைக்குப் போங்கள்.