சம்பளம் கூடியும் மனம் நிறையவில்லை. பொருளை விட்டுக் கடவுளிடத்தில் நிறைவு காண்பது நடைமுறையில் எப்படி?

ஐந்து ஆண்டில் வருமானம் இரட்டிப்பாகியும் போதவில்லை, "இருப்பது போதும் என்று இரு" என்று சபையில் சொல்கிறார்களே தவிர அதற்கு வழி சொல்வதில்லை என்கிறீர்கள். கிறிஸ்தவ வேதத்தை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். "கர்த்தர் என் சுதந்தரமும் என் பாத்திரத்தின் பங்குமானவர்" என்று வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதங்களில் 16-ஆவதில் வருகிறது. இதிலுள்ள "சுதந்தரம்" என்பதை விடுதலை என்று வாசித்துக் கடந்துபோகிறவர்கள் அதிகம். பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தப் பொருளுக்கு சுயாதீனம், விடுதலை என்ற வேறு சொற்கள் வருகின்றன. சுதந்தரம் என்றால் பிதிரார்ஜிதம், பாகப்பிரிவினையில் கைக்கு வரும் பங்கு. அடுத்த வசனத்தின் எபிரெய மூலத்தில் நிலம் அளக்கும் கயிறே வருகிறது. ஆக, அது சொத்துக் கணக்கின் மொழி.

கானான் நாட்டில் இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்டபோது, ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்துக்கு மட்டும் தனி நாடு கிடைக்கவில்லை. கர்த்தரே அவர்கள் சுதந்தரம் என்கிறது உபாகமம் 18. அதற்காக அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. குடியிருக்க 48 பட்டணங்கள், ஆடுமாடு மேய்க்க அவற்றைச் சுற்றி வெளிநிலம், மற்றவர்கள் கொடுக்கும் தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) எல்லாம் இருந்தன. அந்தத் தசமபாகத்திலும் பத்தில் ஒன்றை அவர்கள் கொடுக்க வேண்டும் என்பது எண்ணாகமம் 18-இல் உள்ள சட்டம். கடவுளைப் பங்காகக் கொண்டவனுக்கும் வீடு உண்டு, சோறு உண்டு. அவனுடைய பாதுகாப்பும் பேரும் மட்டும் நிலத்தில் நிற்கவில்லை. மனநிறைவை ஆசையை அடக்குகிற பயிற்சியாக மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஆறு மாதம் தாங்காது. எபிரெயர் 13:5 "உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்" என்று சொன்ன கையோடு காரணத்தையும் சொல்கிறது: "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை". காரணத்தை விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது சிக்கனம்.

இனி கைவேலை. "போதும்" என்பதற்கு ஓர் அளவு வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் நாள்தோறும் தந்த உணவான மன்னாவுக்கு அளவு ஆளுக்கு ஓர் ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர். மறுநாளைக்கு வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் இரண்டு ஓமர் எடுக்கலாம், அது கெடவில்லை. சேமிப்பே பாவம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்க வேண்டும்.

அளவு வைப்பதற்கு நான் அறிந்த தெளிவான கணக்கு, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில் தருவது. ஆக்ஸ்போர்டு மெதடிஸ்டு இளைஞர் ஒருவரைப் பற்றியது. வெஸ்லி தம்மையே சொல்கிறார் என்பது பொதுவான கருத்து. ஆண்டு வருமானம் 30 பவுண்டு, செலவு 28, தானம் 2. அடுத்த ஆண்டு வருமானம் 60, செலவு அதே 28, தானம் 32. பிறகு 90-இல் தானம் 62, 120-இல் 92. வருமானம் நான்கு மடங்கானது, செலவின் கோடு நகரவில்லை. உங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு: சம்பளம் ஏற ஏறக் கோடும் கூடவே ஏறிவிட்டது.

குழந்தைகள் உள்ள வீட்டில் 28 பவுண்டுப் பிடிவாதம் செல்லாது. கடந்த 3 மாத வங்கிக் கணக்கை எடுத்து வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து, பெற்றோருக்கு அனுப்புவது ஆகியவற்றைக் கூட்டி மூன்றால் வகுங்கள். மாதத்துக்கு 32,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுதான் கோடு. விலைவாசிக்காக ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே மாதத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து அதை மாற்றலாம். இடையில் மாற்றக்கூடாது. சம்பளம் 40,000-லிருந்து 46,000 ஆனால், கூடுதல் 6,000 எங்கே போகும் என்பதை அந்தப் பணம் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். வந்த பிறகு முடிவெடுத்தால் புதிய மாதத் தவணை ஒன்று அதை விழுங்கிவிடும்.

கொடுப்பது முதலில் எடுத்ததாக இருக்கட்டும். திருச்சபைக் குடும்பங்களில் உலையில் போட அரிசி அளக்கும்போதே காணிக்கைக்கென்று ஒரு பிடியைத் தனிப் பானையில் போடும் கைப்பிடி அரிசி வழக்கம் உண்டு. எளிய வழக்கம்தான், ஆனால் ஆழமானது. சமைத்து மிஞ்சியதை யாரும் அந்தப் பானையில் போடுவதில்லை. சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுவதும் அதே வேலையைச் செய்யும்.

பெரும்பாலும் பிசகுவது பொருத்தனையில், அதாவது நேர்ந்துகொள்வதில்தான். "இவ்வளவு கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்பும்" என்ற எண்ணம் வந்துவிட்டால் கடவுள் பங்காக இல்லாமல் பொருளுக்கு வழியாகிவிடுகிறார், பொருளே மறுபடி பங்காகிவிடுகிறது. பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதி. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை வெற்றி வாக்குறுதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்தபடி எழுதியது அது. அதற்கு முந்தின வசனம் பட்டினியையும் குறைவையும் பேசுகிறது. மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடிருக்க, "கற்றுக்கொண்டேன்" என்கிறார் அவர். கற்கிற காரியத்துக்கு நாள் பிடிக்கும்.

கல்யாண வீட்டுக்குப் போய்வந்த இரவு, பிறர் நகையும் காரும் மனதைக் குடையும்போது, 73-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 28 வசனங்கள், ஐந்து நிமிடம் கூட ஆகாது. அதைப் பாடிய ஆசாப் தன் பொறாமையை மறைக்காமல் கடவுளிடமே கொட்டுகிறான். 17-ஆம் வசனத்தில், பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்த பிறகே, பேச்சு திரும்புகிறது. அதற்கு முன் நிறுத்தினால் புலம்பல் மட்டும் கையில் இருக்கும். 26-இல் பழைய சொல் திரும்ப வருகிறது: தேவன் "என் பங்கு".

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூலி பாக்கியோடு நிற்கிறவனிடம் போய் மனநிறைவைப் போதிக்கக்கூடாது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 முதலாளியைத்தான் கண்டிக்கிறது. உங்களிடமே கந்துவட்டியோ கடன் அட்டை பாக்கியோ இருந்தால், கோட்டுக்கு மேல் மிஞ்சுவதில் பெரும்பகுதி முதலில் அங்கே போகட்டும். கைப்பிடி அளவை மட்டும் நிறுத்தாதீர்கள்.