தோட்டத்தில் கைப்பேசி ஆய்வு: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கள ஆய்வுக்குப் புறப்படும் மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவை. பதில் சொல்பவர், குறைந்த வருமானக் குடும்பங்களின் கைப்பேசிப் பயன்பாட்டை ஆராய்பவர்.

கேள்வி: அக்கா, மாதம் எவ்வளவு ரீலோட் (முன்கட்டணக் கைப்பேசிக்குப் போடும் காசு) என்று கேட்டால் எல்லாரும் "முப்பது வெள்ளி" (ரிங்கிட்) என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீங்க தம்பி. அவர்கள் பொய் சொல்லவில்லை, மாதக் கணக்கில் யாரும் போடுவதில்லை. கையில் காசு வரும்போது ஐந்து, பத்து என்று போடுகிறார்கள். "கடைசியா எப்போ போட்டீங்க? எவ்வளவு? யார் காசு?" என்று கேளுங்கள். அப்படியே மூன்று தடவை பின்னோக்கிப் போங்கள். சம்மதித்தால் ரீலோட் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லி, தேதியையும் தொகையையும் மட்டும் குறியுங்கள்.

கடனுக்குப் போட்டதைத் தனியாகக் கேட்க வேண்டும். மளிகைக்கடையில் கடன் எழுதும் சின்ன 555 புத்தகத்தில் அரிசி, சார்டின் டின்னுக்குக் கீழே "ரீலோட் 5" என்றிருக்கும். காசு இன்னும் கைமாறாததால் கடன் வாங்கியவர் அதைச் செலவில் சேர்க்கமாட்டார். உங்கள் கணக்கு இங்கேதான் ஓட்டை விழும்.

கேள்வி: எந்த வாரம் போவது நல்லது?

பதில்: ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். சம்பளம் கைக்கு வந்த பிறகு, 10ஆம் தேதி போனால் டேட்டா ஓடும், பிள்ளைகள் காணொலி பார்ப்பார்கள். 27ஆம் தேதி போனால் அதே வீட்டில் மிஸ்கால்தான். மிஸ்காலுக்குக் காசில்லை என்பதால் செலவுக் கணக்கில் அது தெரியாது. நேற்று எத்தனை கொடுத்தார்கள், யாருக்கு, என்ன அர்த்தத்தில் என்று தனியே கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் எத்தனை கைப்பேசி என்று எண்ணினால் போதுமா?

பதில்: போதாது. விடிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) அப்பா எடுத்துப் போவார், மாலையில் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு வரும். காலை ஐந்து முதல் இரவு பத்துவரை ஒரு கோடு போட்டு, எந்த நேரம் யார் கையில் என்று குறியுங்கள். அம்மா கேட்டு எடுக்கிறாரா, கேட்காமலே எடுக்கிறாரா? என் பார்வையில், சொந்தமாக இருக்கிறதா என்ற கேள்வியைவிட இது நிறையச் சொல்லும்.

கேள்வி: பழைய திறன்பேசியை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: 4ஜி எடுக்கிறதா பாருங்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. 3ஜி வரை மட்டும் எடுக்கும் கருவி இப்போது 2ஜிக்கு இறங்கிவிடும். பேசலாம், புலனம் (வாட்ஸ்அப்) நகராது.

கேள்வி: வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பேசத் தயங்குகிறார்களே?

பதில்: தோட்ட அலுவலகத்தில் வைத்துக் கேட்காதீர்கள், கிராணியையும் (தோட்ட எழுத்தர்) துணைக்கு அழைக்காதீர்கள். சிம் யார் பெயரில் பதிவு என்று முதலில் கேட்டால் பேச்சே நின்றுவிடும். ஊரோடு பேசுவதிலிருந்து தொடங்குங்கள்: யாரிடம், எந்தச் செயலியில், எந்த நேரத்தில். கடவுச்சீட்டு எண் எதற்கும் வேண்டாம்.