ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினி விளையாட்டின் போட்டிகளை அதன் முதல் பாகத்தைவிடக் குறைவான பேர்தான் பார்த்தார்களா?

இந்தக் கேள்வியில் இரண்டு வேறு அளவுகோல்கள் கலந்துவிடுகின்றன. 1998-ல் வந்த முதல் பாகம் கொரியாவில் கேபிள் டிவியில் வளர்ந்தது. அங்கே டிவி ரேட்டிங்தான் கணக்கு. 2010-ல் வந்த இரண்டாம் பாகத்தை உலகம் இணைய நேரலையில் பார்த்தது. டிவி ரேட்டிங்கையும், இணையத்தில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் உச்ச எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. உச்சத்தைவிடச் சராசரியே நம்பகமானது என்பேன். உச்சம் இறுதிப் போட்டியின் சில நிமிடங்களைத்தான் சொல்லும்.

கொரியாவில் சரிவு உண்மைதான். ஒளிபரப்பு உரிமைக்காக ஆட்டத்தை உருவாக்கிய பிளிசார்டும் கொரிய மின்விளையாட்டுச் சங்கமான கெஸ்பாவும் மோதியதில் ஆரம்ப வருடம் வீணானது. அடுத்து லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற இன்னொரு ஆட்டம் வந்து இளைஞர்களை இழுத்துக்கொண்டது. கொரிய அணிகள் மோதிய புரோலீக் தொடர் 2016-ல் நிறுத்தப்பட்டது. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

ஆட்டத்திலும் காரணம் உண்டு. இரண்டாம் பாகத்தில் படைகள் நெருங்கி நகரும். பத்து நிமிடம் சேர்த்த மரீன் (துப்பாக்கி வீரர்) கூட்டத்துக்குள், வெடித்துச் சிதறும் பேன்லிங் உயிரிகள் நாலைந்து உருண்டு வந்தால், கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் பச்சைக் குழம்பு. புதிதாகப் பார்ப்பவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

கொரியாவுக்கு வெளியே கதை வேறு. அங்கே நேரலை பார்க்கும் பழக்கத்தையே வளர்த்த ஆட்டங்களில் இதுவும் ஒன்று.