1566-ல ஸ்டார் ஸ்க்ரூ ஏது தம்பி?

கேள்வி: அண்ணே வணக்கம், நான் ம்யூனிக்ல வேலை பாக்கறேன். இங்க பழைய பொருள் சந்தைல ஒருத்தர் பித்தளை சூரியக் கடிகாரம் ஒண்ணு வெச்சிருக்கார். உள்ளங்கை அகலம், காம்பஸ் இருக்கு, முக்கோணத் தகடு ஒண்ணு மடக்கி நிமித்துற மாதிரி, சுத்தி கொடி, இலை, சிங்க முகம்னு ஒரே வேலைப்பாடு, ஓரத்துல 'ஷிஸ்லர், ஆக்ஸ்பர்க், 1566'னு வெட்டியிருக்கு. ஒரிஜினல்னு சொல்றார், 480 யூரோ, பேசினா 400க்கு இறங்குவார் போல. திருச்சில அப்பா பிசிக்ஸ் வாத்தியார், இந்த வருஷம் ரிட்டயர் ஆகறார், அவருக்கு குடுக்கலாம்னு ஆசை. வாங்கலாமா? இது எப்படி வேலை செய்யுதுன்னும் சொல்லிடுங்க, அப்பா கேட்டா நான் முழிக்கக் கூடாது. போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன் தம்பி. அந்தத் தகட்டோட கீல்ல இருக்கற ஸ்க்ரூவ கவனிச்சீங்களா? தலைல கூட்டல் குறி, நம்ம ஊர்ல ஸ்டார் ஸ்க்ரூம்போமே அதேதான். அது கடைக்கு வந்ததே 1930கள்ல. சரி, நடுவுல யாராவது ரிப்பேர் பண்ணி மாத்தியிருக்கலாம், அத மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்ல வேணாம்.

ஷிஸ்லர் நிஜமான ஆளுதான். கிறிஸ்டோஃப் ஷிஸ்லர், ஆக்ஸ்பர்க்காரர், 1608ல இறந்தார், பித்தளைக்கு தங்க முலாம் பூசி கருவி பண்றதுல அந்தக் காலத்துல பெரிய கை. 1578ல அவர் பண்ணின கிண்ண மாடல் சூரியக் கடிகாரம் ஒண்ணு பிலடெல்பியாவுல அமெரிக்கத் தத்துவக் கழகத்துகிட்ட இருக்கு, அதுல தண்ணி ஊத்தினா ஒளி வளைஞ்சு நிழல் இடம் மாறிடும், பைபிள்ல ஆகாஸ் ராஜாவோட கடிகாரத்துல நிழல் பின்னாடி போச்சுன்னு ஒரு கதை வருதே அத செஞ்சு காட்டறதுக்காக. அப்பேர்ப்பட்ட ஆளு கையெழுத்து போட்ட சரக்கு 400 யூரோவுக்கு பிளாட்பாரத்துல வராது தம்பி. வந்தா எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க.

இப்ப அது எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம், ஏன்னா அது புரிஞ்சாத்தான் டூப்ளிகேட்ட நீங்களே புடிக்க முடியும்.

அந்த முக்கோணத் தகட்டோட சாய்ஞ்ச விளிம்புதான் உயிரு. அது பூமியோட அச்சுக்கு இணையா நிக்கணும், அதாவது துருவ நட்சத்திரத்தப் பாத்து. அதனால அது தரையோட பண்ற கோணமும் அந்த ஊரோட அட்சரேகையும் ஒண்ணா இருக்கும், ஆக்ஸ்பர்க்குன்னா 48 டிகிரி சொச்சம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, அந்த அச்சுக்கு செங்குத்தா ஒரு தட்டு வெச்சா மணிக் கோடெல்லாம் 15, 15னு சமமா விழும். ஆனா உங்க கடிகாரத்துல தட்டு தரை மட்டமா படுத்திருக்கு. டார்ச்ச சுவத்துல நேரா அடிச்சா வட்டம், சாய்ச்சு அடிச்சா நசுங்கின வட்டம் வருதுல்ல, அதே மாதிரி கோடுங்க 12 மணிப் பக்கம் நெருங்கியும் காலை மாலைப் பக்கம் விரிஞ்சும் போகும். ஆக்ஸ்பர்க் கணக்குக்கு 12 மணிக் கோட்டுல இருந்து 1 மணி சுமார் 11 டிகிரி, 3 மணி சுமார் 37, 5 மணி சுமார் 70.

அதனால அடுத்த வாரம் போறப்ப ஜியோமெட்ரி பாக்ஸ் ப்ரொட்ராக்டர் ஒண்ணு பாக்கெட்ல போட்டுட்டு போங்க, தகட்டோட அடிப்புள்ளில வெச்சு 12க்கும் 3க்கும் நடுவுல அளங்க. 37 பக்கத்துல வந்தா செஞ்சவனுக்கு கணக்கு தெரியும், அவ்ளோதான் அர்த்தம், பழசுன்னு ஆயிடாது. 45 வந்தா அது மணிக்கு 15, 15னு சும்மா சமமா கோடு போட்ட ஷோகேஸ் பொருள். உங்க போட்டோல சாய்வா தெரியறதால உறுதியா சொல்ல முடியல, ஆனா என் கண்ணுக்கு 45 மாதிரிதான் படுது.

எனக்கு இது பட்டுத் தெரிஞ்ச விஷயம். சில வருஷம் முன்னாடி ஒரு கைவினைக் கண்காட்சில இதே மாதிரி ஒண்ணு வாங்கினேன், லண்டன்னு பேரெல்லாம் வெட்டி பழைய மரப்பெட்டில போட்டு குடுத்தாங்க, மொட்டை மாடில வெச்சு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன், காலைல ஒரு கணக்கு சாயங்காலம் ஒரு கணக்குன்னு காட்டுது, கடைசில அளந்து பாத்தா அச்சு அசல் 45. இப்ப பேப்பர் பறக்காம இருக்க மேஜை மேல உக்காந்திருக்கு. இந்த மாதிரி சரக்கு நிறைய நம்ம ரூர்க்கி, மொராதாபாத் பட்டறைலதான் தயாராகுது, மாடர்ன் பித்தளைப் பொருள்னு சொல்லி வித்தா அதுல தப்பே இல்ல, வருஷத்த வெட்டி விக்கறதுதான் தப்பு.

செதுக்கலையும் லென்ஸ் வெச்சுப் பாருங்க. கையால உளி ஓட்டின கோடு ஆரம்பத்துல மெல்லிசா நடுவுல ஆழமா முடியறப்ப ஊசியா போகும், ஓரம் கூர்மையா இருக்கும். அச்சுல வார்த்ததுன்னா எல்லாக் கோடும் ஒரே ஆழம், ஓரம் மழுங்கல், பள்ளத்துல பொடிப்பொடி ஓட்டை. உங்க சிங்கத்தோட மூஞ்சி சோப்புல செஞ்சு ரெண்டு நாள் குளிச்ச மாதிரி இருக்கு. காம்பஸ் அடியிலயும் ஒரு விஷயம் உண்டு: அந்தக் காலத்து நல்ல ஜெர்மன் கடிகாரத்துல ஊசி நிக்க வேண்டிய கோடு நேர் வடக்குல இருக்காது, கொஞ்சம் கிழக்க தள்ளி இருக்கும். காந்த முள் நிஜ வடக்கைக் காட்டாதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரியும், நியூரம்பெர்க்ல 10 டிகிரி விலகுதுன்னு அங்க கருவி பண்ணின கேயோர்க் ஹார்ட்மன் 1544ல கடிதத்துல எழுதியிருக்கார். உங்க போட்டோல அப்படி ஒரு கோடே காணோம்.

இப்ப திருச்சிக்கு வாங்க. ஷிஸ்லரே எழுந்து வந்து கையில குடுத்தாலும் ஆக்ஸ்பர்க் கணக்குல பண்ணின தட்டு திருச்சில அப்படியே வெச்சா தப்பு மணிதான் காட்டும். திருச்சி 10.8 டிகிரி, அங்க தகடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கணும், 3 மணிக் கோடு பத்தரை டிகிரிலயே வந்துடும், 5 மணிக்கும் 6 மணிக்கும் நடுவுல மட்டும் 55 டிகிரி. ஒரு குறுக்கு வழி இருக்கு, தட்டுக்கு தெக்குப் பக்கம் கட்டை குடுத்து வடக்க பாத்து 37 டிகிரி சரிச்சா வேலை செய்யும். ஆனா பரிசா குடுத்துட்டு கூடவே கட்டையும் குடுப்பீங்களா?

வாத்தியாருக்குன்னா வளைய மாடல் வாங்குங்க. மணி வளையம் சமமா பிரிச்சிருக்கும், பக்கத்துல டிகிரி போட்ட ஒரு வில்லு, அதுல ஊரோட அட்சரேகைய வெச்சா எந்த ஊர்லயும் ஓடும். வில்லுல 11 டிகிரி வரைக்கும் இறங்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க, ஐரோப்பாவுக்குன்னு பண்ணினது சிலது கீழ வராது. புது ரெப்ளிகா சில ஆயிரம் ரூபாய்ல முடிஞ்சிடும். அப்பா வாட்சோட ஒத்துப் பாத்து திட்டாம இருக்க இதையும் சொல்லி வைங்க: நம்ம இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகை கணக்கு, திருச்சி அதுக்கு மேற்க இருக்கறதால 15 நிமிஷம் பின்தங்கும், அது போக சூரியனே வருஷம் பூரா சீரா ஓடறதில்ல. அதனால பிப்ரவரி நடுவுல கிட்டத்தட்ட அரை மணி நேரம் பின்னாடி இருக்கும், நவம்பர் முதல் வாரத்துல வாட்சோட அப்படியே ஒட்டிப் போகும். ரிட்டயர் ஆன பிசிக்ஸ் வாத்தியாருக்கு இத விட நல்ல பொழுதுபோக்கு கிடைக்காது.

அப்பவும் அந்த சந்தைக்காரர்தான் வேணும்னா, 'ஆக்ஸ்பர்க், 1566, ஒரிஜினல்'னு ரசீதுல எழுதி கையெழுத்து போட்டுத் தரச் சொல்லுங்க. அந்த நிமிஷம் அவர் மூஞ்சியப் பாருங்க. தந்தத்துல பண்ணினது ஏதாவது எடுத்து நீட்டினார்னா கையே வைக்காதீங்க, நியூரம்பெர்க்ல நிறைய செஞ்சது உண்மைதான், ஆனா தந்தத்த நாடு தாண்டி கொண்டு போறது பெரிய வில்லங்கம். ஒரிஜினல் பாக்க ஆசையா இருந்தா நியூரம்பெர்க் ஜெர்மானிய தேசிய மியூசியத்துக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க, உங்களுக்கு ட்ரெயின்ல ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

கேள்வி: தாத்தா வீட்டுல கிடந்த பழைய பித்தளை சூரியக் கடிகாரம் கறுத்துப் போச்சு, புளி போட்டு தேய்க்கலாமா?

பதில்: குத்துவிளக்குக்கு செய்ங்க, இதுக்கு வேணாம். கோட்டுக்குள்ள கறுப்பு மெழுகு மாதிரி ஏதாவது நிரப்பியிருந்தா எண்ணு தெளிவா தெரியறதே அதாலதான், புளியும் நாரும் பட்டா அது போயிடும், முலாம் மிச்சம் இருந்தா அதுவும் போயிடும். மெத்துன்னு காஞ்ச துணியால துடைச்சு விடுங்க, கறுப்பு இருந்துட்டுப் போகட்டும். முதல்ல 12க்கும் 3க்கும் நடுவுல அளந்து எனக்கு எழுதுங்க, எந்த அட்சரேகைக்காக பண்ணினதுன்னு கண்டுபுடிச்சிடலாம்.