பழைய மலையக வீட்டில் சுவரோடு சேர்த்து அலுமாரி அடிக்கலாமா? என்ன மரம் நல்லது?

கேட்டவரின் வீடு ஹட்டன் பக்கம். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர், சரிந்த தகரக் கூரை, இப்போது நெருப்பு மூட்டாத கணப்பு. கணப்புக்கு இரண்டு பக்கமும் உள்வாங்கியிருக்கும் இடத்தில் அலுமாரியும் புத்தகத் தட்டும் வேண்டும் என்கிறார்.

தாராளமாக அடிக்கலாம். அந்த இடம் அதற்கென்றே விட்டது போலத்தான் இருக்கும். ஆனால் மரத்தை யோசிக்க முன் சுவரை யோசியுங்கள்.

நானுஓயாவில் எங்கள் வீடும் அப்படித்தான். முதல் தடவை, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் செய்வித்து, வெளிச்சுவரோடு ஒட்டப் பொருத்தினோம். மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தது. ஆகஸ்டில் பார்த்தால் கீழ்ப் பலகையின் ஓரம் தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது. அம்மாவின் கூறைச்சேலையில் மடிப்பு நெடுகப் பூஞ்சணம். அம்மா ஒன்றும் பேசாமல் அதைக் கொடியில் விரித்துவிட்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

கருங்கல் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். சமையல் ஆவி, ஈரத்துணி, நம் மூச்சு எல்லாம் அந்தக் குளிரில் பட்டுத் தண்ணீராகிறது. அலுமாரியின் முதுகு சுவரை அடைத்துவிட்டால் அந்த ஈரம் காய வழியில்லை. இரண்டாம் தடவை முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் விட்டோம். அடியில் நான்கு அங்குலம் உயர்த்தி, கீழும் மேலும் காற்றுப் போகத் துளை வைத்தோம். ஆறு மழைக்காலம் போய்விட்டது, பூஞ்சணம் வரவில்லை.

பழைய சுவர் ஒன்றும் நேராக இருக்காது. எங்கள் தச்சு பாஸ் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். ஓரப் பலகையைத் தூக்குநூலுக்கு நேராக நிறுத்தினார். சின்ன மரத்துண்டு ஒன்றில் பென்சிலைச் சேர்த்துப் பிடித்து, அந்தத் துண்டைச் சுவரில் உரசியபடியே மேலிருந்து கீழே இழுத்தார். சுவரின் மேடு பள்ளம் அப்படியே பலகையில் கோடாக விழுந்தது. "தம்பி, சுவரத் திருத்த ஏலாது, பலகையத்தான் திருத்தணும்" என்றார். கோட்டின் மேல் அறுத்து வைத்தபோது ஒரு தாள் நுழையவும் இடமில்லை.

மரத்துக்கு வருவோம். தேக்கும் மகோகனியும் நல்லவை, விலைதான் கையைக் கடிக்கும். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) எங்களுக்குப் போதுமாக இருந்தது. இழைத்தால் அதில் வெள்ளிப் பொட்டு மாதிரி மினுங்கும். எதுவானாலும் நன்றாகக் காய்ந்த பலகைதான் வேண்டும். மரம் நீளத்தில் அவ்வளவாக மாறாது, அகலத்தில்தான் ஊதிச் சுருங்கும். பெப்ரவரி வெயிலில் இறுக்கமாகச் செய்த லாச்சி ஜூனில் திறக்காது. சுற்றிவர இரண்டு மூன்று மில்லிமீற்றர் விடச் சொல்லுங்கள். புத்தகத் தட்டு முக்கால் அங்குலப் பலகையென்றால் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் தொய்யும். கீல், ஆணி எல்லாம் துருப்பிடிக்காத எவர்சில்வர்.

கூரை சரியும் பக்கத்தில் மேலே கதவு வைக்க வேண்டாம், தலை இடிக்கும். அங்கே இடுப்பளவில் நீளப் பெட்டி அடித்து மூடி போட்டால் கம்பளியெல்லாம் அதற்குள் போய்விடும்.

முதுகு இடைவெளியை மட்டும் பாஸிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அலுமாரியைப் பொருத்திய பிறகு சொன்னால் முழுதையும் கழற்றித்தான் செய்யவேண்டி வரும்.